தண்ணி கட்டின வயிறு: சபரகமுவைத் தோட்டங்களில் ஈரல் சுருக்க நோய்

ஈரல் சுருக்க நோய் என்பது, பல ஆண்டுகளாகப் பட்ட காயத்தின் மேல் தழும்பு ஏறி ஏறி, ஈரல் முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்பட்டு நிற்கும் நிலை. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் வாயில் நாளம் இந்தக் கெட்டியான ஈரலுக்குள் எளிதில் பாய முடியாமல் அழுத்தம் ஏறி வீங்குகிறது. வயிற்றில் நீர் கட்டுவது, உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து வெடிப்பது, புத்தி தடுமாறுவது, சிறுநீரகம் ஓய்ந்துபோவது எல்லாம் ஒரு பக்கம் இந்த அழுத்தத்தாலும், மறுபக்கம் ஈரலின் வேலை குறைந்துபோவதாலும் வருபவை. இவற்றில் எதுவும் தலைகாட்டாத வரை நோயாளி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஒன்று வந்துவிட்டால், பெரிய ஆய்வுகளின்படி, சராசரி ஆயுள் இரண்டு ஆண்டளவுக்குச் சுருங்குகிறது. தோட்டத்து மருந்தகத்துக்கு வரும் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் முதன்முதலாக முகம் காட்டுகிறார்கள்.

இலங்கையின் சபரகமுவை மாகாணத்துத் தோட்டங்கள் நுவரெலியாவைப்போல் ஒரே தொடர்ச்சியாகக் கிடப்பவை அல்ல. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, ருவன்வெல்லைப் பக்கம் இறப்பர். இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளை, கஹவத்தைப் பக்கம் தேயிலையும் இறப்பரும். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே மேட்டுக்கொன்றும் பள்ளத்துக்கொன்றுமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் சிதறிக் கிடக்கின்றன. நோயாளிக்கு முதலில் கிடைப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். சனங்களுக்கு அவர் எப்போதும் ‘டொக்டர் ஐயா’தான். அவருக்கு மேலே பிரதேச வைத்தியசாலை, அதற்கு மேலே கரவனெல்லை, பலாங்கொடை, கஹவத்தை போன்ற ஆதார வைத்தியசாலைகள், அதற்கும் மேலே இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகள். பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்கு 40 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பலாங்கொடைக்கு மேலே உள்ள டிவிஷனிலிருந்து பலாங்கொடைக்கு இறங்குவது அதைவிடப் பெரிய பயணமாக இருக்கும். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்தபோதும், புளத்கொஹுபிட்டியவில் களுப்பஹனைத் தோட்டத்து லயத்தை மண் மூடியபோதும் கண்டதுபோல, மழைக்காலத்தில் பாதையே இல்லாமல் போவதும் உண்டு. இந்தப் பகுதியில் ஈரல் நோயைப் பார்ப்பவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் தூரத்தைப் பற்றியது. பெரிய வைத்தியசாலையில் நடக்கும் சிகிச்சை பாடநூலில் எழுதியபடியே நடக்கும். ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஆளை உரிய நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது லயத்தில் இருக்கும் ஒருவரின் கண்ணைப் பொறுத்தது.

காரணங்களில் மதுசாரமே முன்னால் நிற்கிறது. உலகின் பல நாடுகளில் ஈரலைக் கெடுக்கும் ஹெப்படைடிஸ் பி, சி வைரசுகள் இலங்கையில் மிகக் குறைவு. தோட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: கசிப்புதான் ஈரலைத் தின்னும், தவறணைச் சாராயம் அவ்வளவு செய்யாது, கித்துள் கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி. ஈரல் போத்தலின் பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே போகும் எத்தனோலின் அளவைப் பார்க்கிறது. ஒரு முழுப் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 200 கிராம் மதுசாரம் இருக்கிறது, கால் போத்தலில் 50 கிராம். அந்தக் கால் போத்தலை உடம்பு வலிக்கென்று பத்துப் பதினைந்து வருடம் தினமும் குடித்தவருக்கு ஈரல் சுருங்குவதில் வியப்பு எதுவும் இல்லை. கசிப்பின் தனிக்கேடு, அது எவ்வளவு கடுமையானது என்று குடிப்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது என்பதுதான். இன்னொரு காரணம் சத்தமில்லாமல் வளர்ந்துவருகிறது: நீரிழிவோடும் பருமனோடும் சேர்ந்து வரும் ஈரல் கொழுப்பு. 2007இல் தொடங்கிய ராகமை சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. மலையேறி உழைக்கும் தோட்டத்துப் பெண்களுக்கு அது வராது என்று எண்ணுவது தவறு. மாவு ரொட்டியும் சீனி போட்ட பிளேன்டியும் நாளுக்குப் பல வேளை போகும் வீட்டில், ஒரு சொட்டும் குடிக்காத ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வயிற்றில் நீர் கட்டி வருவது இப்போது அபூர்வம் இல்லை. அவளிடம் வார்டில் ‘குடிப்பியா?’ என்று கேட்பதும், கேட்ட விதத்தால் அவள் மறு கிளினிக்குக்கு வராமல் போவதும் நடக்கிற காரியங்கள்.

நீர் கட்டுவதே வழக்கமாக முதல் சிக்கல். ஆண்களில் இதை முதலில் காட்டிக்கொடுப்பது சாரம். இடுப்பில் மடித்துச் செருகும் துணி வாரத்துக்கு வாரம் குறைந்து, முடிச்சு தொப்புளுக்குக் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில் தோளும் கன்னப்பொட்டும் வற்றிப்போவதால், ‘வயிறு போடுது, ஆள் மெலியுறார்’ என்று வீட்டார் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நோய்க்குறிப்பாகவே எழுதிவைக்கலாம். மகோதரம் என்று பழைய வைத்தியம் சொன்னது இதைத்தான். முதன்முறை நீர் கட்டிய எவருக்கும், பழைய நோயாளியே என்றாலும் வார்டில் சேரும் ஒவ்வொரு முறையும், சிறு ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இடப்பக்க அடிவயிற்றில், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரு விரல் உள்ளும் மேலுமாகத் தள்ளிக் குத்துவது பாதுகாப்பானது. இரத்தம் உறைய நேரமாகிறது என்று அறிக்கை காட்டினாலும் இதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இரத்தத்து அல்புமினிலிருந்து வயிற்று நீரின் அல்புமினைக் கழித்து, டெசிலீற்றருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ வந்தால் காரணம் வாயில் நாள அழுத்தம். குறைவாக வந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். தோட்டப் பகுதியில் காசநோயை மறந்துவிடுவது ஆபத்து.

நீரை வற்றவைப்பதில் பாதி வேலை உப்பில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமாக ஐந்து கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சோற்றிலும் கறியிலும் ரொட்டியிலும் இருப்பதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. ‘உப்பைக் குறையுங்க’ என்று கிளினிக்கில் சொன்னால் கறியில் உப்பைக் குறைப்பார்கள், கருவாட்டை விடமாட்டார்கள். காலை ரொட்டிக்குக் கட்டச்சம்பல், அதில் மாசி, பகலுக்குக் கருவாட்டுக் குழம்பு, மாலையில் பிளேன்டியோடு கிரீம் கிராக்கர்: கறியில் உப்பே போடாவிட்டாலும் கணக்கு எப்போதோ தாண்டிவிடும். இங்கே பயன்படும் அறிவுரை சமையலறைக்குள் போய்ச் சொல்லும் அறிவுரைதான். நெத்தலியை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து சமைப்பது, சோயா மீட் பைக்கட்டின் சுவைத்தூளை எறிந்துவிட்டு சோயாவை மட்டும் எடுப்பது, சம்பலில் தேசிக்காயும் மிளகும் கூட்டி உப்பைத் தவிர்ப்பது. வீட்டுக்கென்று ஒரே சட்டி வேகும் லயத்துக் காம்பராவில் நோயாளிக்குத் தனிச் சமையல் கேட்பது நடவாத காரியம். முழு வீட்டுக்கும் உப்பைக் குறைத்து, மற்றவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளச் சொல்வதே நடக்கும். தண்ணீரைக் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் தேவையற்றது. இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியவர்களுக்கு மட்டுமே அந்தக் கட்டுப்பாடு. வெயிலில் மலையேறுபவருக்கு அதைச் சும்மா விதித்தால் சிறுநீரகம்தான் அடிபடும்.

மறுபாதி வேலை குளிசையில். ஸ்பைரோனோலாக்டோன் நாளுக்கு 100 மில்லிகிராமில் தொடங்கும். போதாவிட்டால் சில நாள் இடைவெளிவிட்டு 400 வரை ஏற்றலாம். கூடவே ஃப்ரூசமைட் 40இல் தொடங்கி 160 வரை. இரண்டையும் காலையில் கொடுப்பதே நல்லது. கழிப்பறை லயத்துக்கு வெளியே சரிவில் இருக்கும் இடத்தில், இரவு மழையில் அட்டைக்கடிக்கும் வழுக்கலுக்கும் அஞ்சி ஆட்கள் குளிசையையே விட்டுவிடுவார்கள். எடை நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. காலிலும் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை பொறுக்கலாம். அதைவிட வேகமாகக் குறைந்தால் நீரோடு சிறுநீரகமும் வற்றும். எடைபார்க்க வைத்தியசாலைக்கு இறங்க வேண்டியதில்லை. மருந்தகத்தில் கர்ப்பிணிகளை நிறுக்கும் தராசு போதும். வாரத்துக்கு இருமுறை, ஒரே நேரத்தில், ஒரே உடுப்போடு நிறுத்து, கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தால், மாதக் கிளினிக்கில் வைத்தியருக்கு அதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை.

ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இதில் சபரகமுவைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் கையில் தெம்பிலிக் குலையோடு வருவார். ஈரல் சூட்டுக்குத் தெம்பிலி குளிர்ச்சி என்று நாளுக்கு மூன்று நான்கு கொடுப்பார்கள். தெம்பிலி நீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும் ஆளுக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே குழம்பிவிடும். காமரங்காய்ச் சாறும் பிலிங்காய்ச் சாறும் வேறு வழியில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. அவற்றில் உள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து ஆட்கள் பாதிக்கப்பட்டதை இலங்கை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பை வீங்கவைத்து வலிக்கச் செய்யும். அதை வெட்கத்தால் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். முதல் நாளே சொல்லிவைத்துவிட்டால், வலி வந்ததும் வந்து கேட்பார்கள், மருந்தை மாற்றவும் முடியும்.

குளிசைக்கு அடங்காத நீரையும், மூச்சை முட்டவைக்கும் நீரையும் குழாய் போட்டு இறக்க வேண்டும். ஐந்து லீற்றருக்கு மேல் இறக்கினால் இறக்கிய ஒவ்வொரு லீற்றருக்கும் எட்டுக் கிராம் அல்புமின் ஏற்றுவது விதி. எட்டு லீற்றர் எடுத்தவருக்கு 20 கிராம் போத்தல் மூன்றுக்குச் சற்று மேல் வேண்டும். அல்புமின் விலை கூடியது. 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பின் அதை எண்ணி எண்ணிப் பாவிக்கும் பழக்கம் வார்டுகளில் நிலைத்துவிட்டது. இல்லாத நாளில் ஐந்து லீற்றருக்குள் நிறுத்திக்கொண்டு, தேவையானால் சில நாளில் மறுபடி இறக்குவது ஓரளவு பாதுகாப்பான வழி. தொப்புள் துருத்தி நிற்பவர்களைச் சுமை தூக்கவிடக் கூடாது. இறப்பர்ப் பால் வாளி இரண்டைத் தூக்கிச் சரிவில் இறங்கும்போது, மெலிந்துபோன தொப்புள் தோல் கிழிந்து வயிற்று நீர் பீறிடுவது உயிருக்கே ஆபத்தான அவசரநிலை. நெஞ்சின் வலப்பக்கத்தில் நீர் சேர்ந்து மூச்சு வாங்கினால் அதையும் ஊசியால் எடுக்கலாம், ஆனால் நெஞ்சில் நிரந்தரக் குழாய் போட்டு வைப்பது நோயாளியை வடித்துத் தீர்த்துவிடும்.

கட்டிய நீரில் கிருமி சேர்வது அடுத்த கட்டம். பெரும்பாலும் குடலிலிருந்தே கிருமி வருகிறது. காய்ச்சலும் வயிற்று வலியும் இருக்கும் என்று பாடநூல் சொன்னாலும், இரண்டும் இல்லாமல் ‘சும்மா சோர்ந்து போனார்’, ‘சிறுநீர் குறைஞ்சிருச்சு’, ‘பேச்சு மாறுது’ என்ற அளவில் வருபவர்கள் ஏராளம். நீரில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 250 நியூட்ரோஃபில் அணுக்கள் இருந்தாலே நோய் உறுதி. கிருமி வளர்ப்பு முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. செஃபோடாக்ஸிம் அல்லது செஃப்ட்ரியாக்ஸோன் உடனே தொடங்க வேண்டும். முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராமும் மூன்றாம் நாள் 1 கிராமும் அல்புமின் கொடுத்தால் சிறுநீரகம் காப்பாற்றப்படுகிறது, இறப்பும் குறைகிறது என்று ஸ்பெயினில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. கையிருப்பில் உள்ள சில போத்தல் அல்புமினை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தால், நீர் இறக்கியவரைவிட இந்த நோயாளிக்கே முதலிடம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராதிருக்க சிப்ரோஃப்ளோக்ஸசின் அல்லது நோர்ஃப்ளோக்ஸசின் தொடர்ந்து கொடுக்கப்படும். அந்தச் சீட்டு கிளினிக்குக்குக் கிளினிக் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மருந்து கொடுப்பவரின் கையில்.

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினால் எலிக்காய்ச்சலை விட்டுவிட முடியாது. இரத்தினபுரியும் கேகாலையும் இலங்கையில் எலிக்காய்ச்சல் மிகுந்த மாவட்டங்கள். 2008இல் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோர் சந்தேக நோயாளிகளாகப் பதிவான பெரும் பரவலில் கேகாலை கடுமையாக அடிபட்டது. தோட்டத்து ஆண்கள் வயலிலும் மாணிக்கக் குழியிலும் கூலிவேலைக்குப் போகிறவர்கள். கண் மஞ்சளித்து, சிறுநீர் நின்று, பிளேட்லெட் குறைந்து வரும் ஒரு குடிகாரரை ‘ஈரல் முடிஞ்சுது’ என்று படுக்கவைத்துவிட்டால், பெனிசிலினில் எழுந்து நடந்திருக்க வேண்டிய ஆள் கை நழுவிப்போவார். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சேற்றில் இறங்கிய கதை இவற்றைக் கேட்டறிய வேண்டும். ஈரல் நோயோடு எலிக்காய்ச்சலும் சேர்ந்தே வரலாம். சந்தேகம் இருந்தால் இரண்டுக்குமே மருந்து கொடுப்பதே அறிவு. டெங்கும் இதே வேடத்தில் வரும். ஏற்கெனவே பிளேட்லெட் 70,000 உள்ள ஈரல் நோயாளியின் பழைய எண்ணிக்கை கொப்பியில் இல்லாவிட்டால், புதிதாகக் குறைந்ததா, பழைய குறைவா என்று எவராலும் சொல்ல முடியாது.

எலிக்காய்ச்சல் இல்லையென்றால், யூரியாவும் கிரியாட்டினினும் ஏறிய ஈரல் நோயாளிக்கு முதல் காரியம் நீர்க் குளிசைகளை நிறுத்துவது. வயிற்றுப்போக்கு, இரத்தக்கசிவு, கிருமி, வலிமாத்திரை என்று காரணத்தைத் தேடி, அல்புமின் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் இரண்டு நாள் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் மீளாவிட்டால் டெர்லிப்ரெசின். காரணங்களில் அதிகம் தட்டுப்படுவது வலிமாத்திரை. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த நோயாளிக்கு நஞ்சு: சிறுநீரகத்தை நிறுத்தும், வயிற்றில் புண் வைத்து இரத்தம் கசியவைக்கும். பரசிட்டமோல் ஈரலுக்குக் கூடாது என்ற பொதுப் பயத்தால் அதை விட்டுவிட்டு டைக்ளோஃபெனாக் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு 2 கிராமுக்குள் பரசிட்டமோல் இவர்களுக்கு எவ்வளவோ பாதுகாப்பானது.

இரத்த வாந்தி எல்லாச் சிக்கல்களிலும் சத்தமானது. எவரும் அதைக் கவனிக்காமல் விடமாட்டார்கள். ஆனால் அதற்கு முன் ஓரிரு நாள் தார்போல் கறுத்த மலம் போயிருக்கும். இரும்புச்சத்துக் குளிசையால் அப்படி என்று அதைத் தள்ளிவிட்டிருப்பார்கள். வாந்தி எடுத்தவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து அனுப்ப வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் வந்தபின் இந்தக் கட்டம் தோட்ட லொறியை நம்பியிருந்த காலத்தைவிடப் பெரிதும் மாறிவிட்டது. ஆனால் அம்புலன்ஸ் லயம்வரை ஏறாத பாதைகளில் ஆளைக் கம்பளியில் தூக்கித்தான் பெரிய ரோட்டுக்கு இறக்க வேண்டும்.

ஆதார வைத்தியசாலையில் செய்யக்கூடியதும் செய்யவேண்டியதும் அதிகம்: இரண்டு பெரிய ஊசிகள், குருதி இனம் பார்த்தல், டெர்லிப்ரெசின் அல்லது ஒக்ட்ரியோடைட், செஃப்ட்ரியாக்ஸோன் ஒரு கிராம். கடைசியாகச் சொன்ன அந்த ஊசி மலிவானது, அலமாரியில் எப்போதும் இருப்பது. எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பும் அவசரத்தில் மறக்கப்படுவதும் அதுதான், உயிர் காப்பதில் முன்வரிசையில் நிற்பதும் அதுதான். இரத்தம் ஏற்றுவதில் கைக்கட்டுப்பாடு வேண்டும். ஹீமோகுளோபின் 7க்கும் 8க்கும் இடையில் போதும். அதற்கு மேல் ஏற்றினால் நாளத்தில் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கும். வெளுத்த முகத்தைப் பார்த்து வீட்டார் ‘இன்னும் ரத்தம் ஏத்துங்க’ என்று கெஞ்சும்போது இதை விளங்கப்படுத்துவது எளிதல்ல. 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்து, புடைத்த நாளங்களுக்கு இறப்பர் வளையம் மாட்ட வேண்டும். அதுவரை தாங்காத அளவுக்குக் கொட்டினால், வயிற்றுக்குள் ஊதும் பலூன் குழாய் ஒரு நாளைக்கு நேரம் வாங்கித் தரும். இவ்வளவும் செய்தாலும் ஆறு கிழமைக்குள் ஆறு ஏழு பேரில் ஒருவர் இறந்துபோகிறார். பிழைத்தவருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கொரு முறை வளையம் மாட்டி நாளங்களை அழிக்க வேண்டும், கூடவே புரோப்ரனொலோல் அல்லது கார்வெடிலோல் தொடர வேண்டும். வாயில் நாள அழுத்தத்துக்கான பவேனோ நிபுணர் மாநாடு 2021இல் நடந்தபோது, அதன் நிபுணர்கள் வெடிக்கும் முன்பே தடுப்பதற்குக் கார்வெடிலோலை முன்னிறுத்தினார்கள். மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டிய குளிசை அது. இரத்த வாந்தி நின்றதும் ‘சுகம்’ என்று கருதி இரண்டாவது வளையத்துக்குப் போகாமல் விடுவதே இந்தப் பகுதியில் காணப்படும் பெரிய இடைவெளி. போகாமல் விடுவதற்கு அலட்சியம் என்று பெயர் வைப்பது அநியாயம். இரத்தினபுரிக்கு ஒரு நாள் போய்வந்தால் நோயாளிக்கும் கூடப்போகும் மனைவிக்கும் அன்று பேர் விழாது, கூலியும் கிடையாது. இரண்டு பேர் சம்பளமும் பஸ் காசும் ஒரு வளையத்தின் விலை.

புத்தி தடுமாற்றம் தோட்டத்தில் அதிகம் பிழையாக வாசிக்கப்படும் சிக்கல். குடலில் உண்டாகும் அமோனியா போன்ற நச்சுகளைக் கெட்ட ஈரல் வடிகட்டாமல் விட, அவை மூளைக்குப் போகின்றன. தொடக்கம் மிக மெல்லியது: பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, சில்லறைக் கணக்குத் தப்புதல், காரணமில்லாத கோபம். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் ஆள் வெட்டும் கோட்டை மாற்றி மரத்தைக் காயப்படுத்தினார் என்று கங்காணி ஏசுவது சில வேளை முதல் அறிகுறியாக இருக்கும். பிறகு கையை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால், கை விட்டு விட்டு உதறும். அதற்குப் பிறகு இடம் தெரியாமல் பேசுவார், கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பார், கடைசியில் மயங்குவார். இரண்டாம் மூன்றாம் கட்டத்தில் வீட்டார் கோயில் பூசாரியிடம் கொண்டுபோய் நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் சாதாரணம். பூசாரியோடு சண்டைபிடிப்பதால் பயன் இல்லை. ‘நூலைக் கட்டிக்கிட்டே மருந்தகத்துக்கும் கூட்டிட்டு வாங்க’ என்று பூசாரியே சொல்லும்படி அவரிடம் முன்கூட்டிப் பேசிவைத்த தோட்டங்களில் ஆட்கள் ஒரு நாள் முன்னதாக வருகிறார்கள்.

மொழியும் இங்கே நோய்க்குறியைப் பாதிக்கிறது. குழப்பத்தின் அளவைப் பார்ப்பது என்றால் இன்று என்ன கிழமை, எந்த இடம், நூறிலிருந்து ஏழு கழித்தால் எவ்வளவு என்று கேட்பது. சிங்களம் மட்டுமே பேசும் வார்டில் தமிழ் மட்டுமே சரளமான ஒரு முதிய தொழிலாளி தலையாட்டிச் சிரித்தால், அவர் குழம்பியிருக்கிறாரா, கேள்வி விளங்கவில்லையா என்று பிரித்தறிவது கடினம். கூட வந்தவரை வார்டுக்குள் இருக்கவிட்டு அவர் வாயால் கேட்பிக்க வேண்டும். அதற்கும் மேலாக ‘இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?’ என்று அவரிடமே கேட்பது எந்த அளவுகோலையும்விட நம்பகமானது.

குழம்பி வந்த எவருக்கும், குழப்பத்துக்குப் பெயர் வைக்குமுன் தூண்டிய காரணத்தைத் தேட வேண்டும். மலச்சிக்கல், கிருமி, கறுத்த மலம், அளவுக்கு மீறிய நீர்க் குளிசை, தூக்க மாத்திரை என்பவை முன்னால் நிற்பவை. இரத்தத்துச் சீனி இறங்கியிருப்பதையும், விழுந்து தலையில் அடிபட்டிருப்பதையும் மறக்கக் கூடாது. அதைவிடச் சிக்கலானது குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம். வார்டில் சேர்ந்து இரண்டாம் மூன்றாம் நாள் வியர்த்து, நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துபவருக்கு அமைதிப்படுத்தும் மருந்து தேவை. ஈரலால் மந்தமாகிக் கை உதறுபவருக்கு அதே மருந்து ஆபத்து. முன்னவர் படபடப்பாக, நாடி வேகமாக, விழித்துக்கொண்டே இருப்பார், பின்னவர் மந்தமாகிச் சாய்வார். இரண்டும் கலந்து வருபவருக்கு லொராசெபாமைச் சிறு அளவில் கொடுத்துக் கவனிப்பார்கள். குடித்து மெலிந்த எவருக்கும் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போட்டாக வேண்டும்.

தடுமாற்றத்துக்கு மருந்து லாக்டுலோஸ் பாணி. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகும் அளவுக்கு, 15 முதல் 30 மில்லிலீற்றர் வரை, இரண்டு மூன்று வேளை. அளவை மி.லீ.யில் சொல்லிப் பயனில்லை, ‘எத்தனை தடவை வெளிக்குப் போச்சு’ என்பதே கணக்கு. ஒன்றென்றால் கூட்டு, நான்கென்றால் குறை. அளவு மீறி வயிற்றுப்போக்கானால் உடல் வற்றி அதுவே தடுமாற்றத்தைக் கொண்டுவரும். வேலைக்குப் போகிற நாளில் மலையில் கழிப்பறை இல்லை என்பதால் பாணியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. காலை அளவைச் சிறிதாக்கி, மாலை வீடு திரும்பியதும் பெரிய அளவைக் கொடுப்பது அவர்களுக்குப் பொருந்தும். பாணி போதாதவர்களுக்கு ரிஃபாக்சிமின் இருக்கிறது, விலைதான் எட்டாது. புத்தி தடுமாறியவருக்குப் பருப்பும் முட்டையும் மீனும் கூடாது என்ற பழைய விதி இப்போது கைவிடப்பட்டுவிட்டது. தசை வற்ற வற்ற அமோனியா கூடுகிறது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். இரவு படுக்கும் முன் ஒரு சிற்றுணவு, பாலோ கடலையோ அவித்த முட்டையோ, இந்த நோயாளிக்கு மருந்துக்குச் சமம். ஈரலில் சேமிப்பு இல்லாததால் ஒரு இரவுப் பட்டினி, நல்ல உடம்புள்ளவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்கு ஒப்பாகும்.

குடியை நிறுத்துவது எல்லாச் சிகிச்சைக்கும் அடித்தளம். தண்ணி கட்டிய பிறகும் நிறுத்தியவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் நீர்க் குளிசையே தேவையில்லாத நிலைக்குத் திரும்புகிறார்கள். ‘இனி விட்டு என்ன பயன்’ என்று சொல்லும் நோயாளிக்கு இதை எடுத்துச் சொல்வதற்குப் பக்கத்துத் தோட்டத்தில் அப்படித் திரும்பிய ஒருவரை அழைத்துவருவதைவிட நல்ல வழி இல்லை. மறுபடி தொடங்கும் நாட்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவை: சம்பள நாள், தீபாவளி அட்வான்ஸ், திருவிழா, செத்த வீடு. அந்த நாட்களுக்கு முன் ஒருமுறை ஆளைப் பார்த்துவிடுவது தோட்ட வைத்திய உதவியாளரால் மட்டுமே முடிகிற காரியம். மருந்துகளில் பக்லோஃபென் ஈரல் சுருக்கத்திலும் பரிசோதிக்கப்பட்டது, ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதுவே குழப்பத்தை உண்டாக்கும். குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்ஃபிராம் இவர்களுக்குக் கூடாது. மனைவி சோற்றில் கலந்துகொடுக்க அதைத் தேடி வாங்குவதும் நடக்கிறது. அதைத் தடுக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலை ஸ்கேன் செய்து புற்றுக் கட்டியைத் தேடுவது எந்தக் காரணத்தால் வந்த சுருக்கத்துக்கும் பொருந்தும். சிறிதாக இருக்கும்போது கண்டால் எரித்தோ வெட்டியோ அகற்றலாம். ஈரல் மாற்றுச் சிகிச்சை இலங்கையில் நடக்கிறது, ராகமை வட கொழும்பு போதனா வைத்தியசாலை அதில் முன்னணி. நிதி இல்லாவிட்டாலும் அரச வைத்தியசாலையில் வழி உண்டு என்பதே தோட்டத்தில் பலருக்கு எட்டவில்லை. அதற்குக் குடியை உறுதியாக விட்டிருக்க வேண்டும், ஈரல் தானம் கிடைக்க வேண்டும், அடிக்கடி ராகமைக்குப் போய்வர வேண்டும். மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போகும் நாளில் அனுப்புவதைவிட, முதல் முறை தண்ணி கட்டியபோதே பெயரை அனுப்பிவைப்பது நல்லது.

அதுவும் கைகூடாதவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பே மிஞ்சும். அதிலும் செய்ய நிறைய இருக்கிறது. லாக்டுலோஸ் பாணியைக் கடைசிவரை நிறுத்தக் கூடாது, அதை நிறுத்தினால் நினைவு முதலில் போய்விடும். நீரை இறக்க ஆதார வைத்தியசாலையில் பகல் நேரத்தில் சேர்த்து மாலையே வீட்டுக்கு அனுப்பலாம். வலிக்குப் பரசிட்டமோல் குறைந்த அளவில், மீறினால் மோர்ஃபினை மிகச் சிறு அளவில், இடைவெளி கூட்டி. தோல் அரிப்புக்குக் கொலஸ்டிரமின் உதவும். உப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, கேட்கும் கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் கொடுப்பதில் இந்தக் கட்டத்தில் எந்தத் தவறும் இல்லை. இரத்த வாந்தி வந்தால் மறுபடி அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை நோயாளி தெளிவாகப் பேசும் நாளிலேயே அவரிடமும் மனைவியிடமும் கேட்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்க வேண்டும். இரவில் அம்புலன்ஸோடு வரும் எவரும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.